அந்தச் சுளகை நீங்கள் வரையவில்லை

ஆத்தே,

இன்று காலை சென்டருக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு அங்கிள், கோயம்புத்தூர்க்காரர், மகன் இறக்கிவிட்டுப் போன இடத்திலேயே நின்று உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் கதவு திறந்து மூடும்போதெல்லாம் குளிர்காற்று முகத்தில் அடித்தது, அவர் நகரவில்லை. வருகைப் பதிவில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டேன். திரும்பாமலேயே கேட்டார்: "யாருங்க அம்மிணி வரைஞ்சது? அந்தம்மா அரிசி பொடைக்கிற அழகைப் பாருங்க. மொகத்துல எத்தனை நிம்மதி!"

"எங்க நர்ஸ் ஒருத்தங்க வரைஞ்சது அங்கிள்."

"இப்ப ரிட்டையர் ஆயிட்டாங்களாக்கும்?"

"இல்ல அங்கிள். அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க."

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அடடா" என்று சொல்லி, கோயிலுக்குள் நுழைகிறவர்போல ஷூவைக் கழற்றக் குனிந்து, பிறகு நினைவு வந்து நிமிர்ந்து உள்ளே போனார்.

அந்தச் சுளகை நீங்கள் வரையவில்லை. இந்தக் கட்டடத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். தினமும் காலையில் கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சுளகுதான். உங்கள் பிலிப்பைன்ஸில் அதற்கு பிலாவ் என்று பெயர், வட்டமாக இருக்கும். எங்கள் ஊர் முறத்துக்கு ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும். பெயரும் உருவமும் வேறானாலும் வேலை ஒன்றுதான். அதனால் நான் சுளகு என்றே சொல்கிறேன்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நாம் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்; உங்களுடையது ஒரு மாதிரி ஆங்கிலம், என்னுடையது ஒரு மாதிரி. ஆனால் நீங்கள் போன பிறகு, உங்கள் குரல் எனக்குள் தமிழில்தான் கேட்கிறது, அதுவும் விருதுநகர்ப் பக்கத்துத் தமிழில். படிக்கப்போவதில்லை என்று ஆன பிறகு எந்த மொழியில் எழுதினால் என்ன.

எம்.எஸ்சி. முடித்துவிட்டு டிபென்டென்ட் விசாவில் பல வருடம் வீட்டில் இருந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை இந்த சென்டரில்தான். நியூ ஜெர்சியில் எடிசனைச் சுற்றியுள்ள வயதானவர்களைக் காலையில் வேனில் கூட்டி வந்து, மாத்திரை கொடுத்து, சாப்பாடு போட்டு, பாட்டும் பிங்கோவும் நடத்தி, சாயங்காலம் திரும்ப விடும் டே கேர். நீங்கள் நர்ஸ். நான் ஆக்டிவிட்டீஸ். முதல் நாள் நான் வண்ணத்தாள் வெட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே இரண்டு பெண்கள் "ஆத்தே! ஆத்தே!" என்று கத்தினார்கள். எங்கள் ஊரில் ஒருத்தி அப்படிக் கத்தினால் ஒன்று பாம்பு வந்திருக்க வேண்டும், இல்லை யாராவது விழுந்திருக்க வேண்டும். கத்தரிக்கோலும் கையுமாக ஓடினேன். அங்கே உங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர், கையுறைப் பெட்டி எங்கே என்று உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் என் கத்தரிக்கோலைப் பார்த்தீர்கள். "யாரை வெட்டப் போற?" என்றீர்கள்.

ஆத்தே என்றால் உங்கள் மொழியில் அக்கா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் அது பயந்தால் வாயில் வரும் சொல் என்று நான் சொன்னதும், "ரெண்டும் ஒண்ணுதான். பயந்தா அக்காவைத்தானே கூப்பிடுவாங்க" என்றீர்கள். அதிலிருந்து நானும் ஆத்தே என்றே கூப்பிட்டேன். அருப்புக்கோட்டை ஆன்ட்டி ஒருவர் இருந்தாரே, எதற்கெடுத்தாலும் "ஆத்தே! என்னா குளிரு! ஆத்தே! இந்தச் சாம்பாரைப் பாரேன்!" என்பவர். ஒவ்வொரு தடவையும் நீங்கள் மருந்து ட்ரேயை வைத்துவிட்டுப் போய், "எஸ் ஆன்ட்டி?" என்று நிற்பீர்கள். "கூப்பிடாமலே வந்து நிக்கிறா பாரு, பெத்த மகளுக்கு வருமா இது" என்று ஆன்ட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று என் வாயை அடைத்துவிட்டீர்கள். "சொன்னா அப்புறம் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் யோசிப்பாங்க, பாவம்."

நம்மை உண்மையில் சேர்த்துவைத்தது கருவாடு. ஸ்டாஃப் ரூம் மைக்ரோவேவில் உங்கள் ஊர்க் கருவாட்டைச் சூடுபண்ணினீர்கள். சைவக்காரர்கள் நிறைந்த சென்டரே அலறியது. இங்கே மீன் கூடாது என்று மேனேஜர் கதவில் தாள் ஒட்டிவிட்டார். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போன வழியில் நான் மட்டும் மோப்பம் பிடித்துக்கொண்டு எதிரே வந்தேன் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தீர்கள். அதன் பிறகு நமக்கு லஞ்ச், பார்க்கிங் லாட்டில் உங்கள் காரில். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, உங்கள் பூண்டுச் சோறும் என் புளிக்குழம்பும். அந்த காரில் நாம் எத்தனை பேசினோம்! நீங்கள் மணிலாவில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் நர்சிங்குக்கு மாற்றப்பட்ட கதையை அங்கேதான் சொன்னீர்கள். "வரையறவளுக்கு எந்த நாடு விசா கொடுக்கும்னு எங்க அப்பா கேட்டார். நியாயமான கேள்வி" என்று சொல்லி மீன் முள்ளை டிஷ்யூவில் மடித்தீர்கள்.

ஒரு நாள் ஜெர்சி சிட்டிக்கு, உங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். ஒரு சுவர் முழுக்கப் படம். மஞ்சள் வெயிலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். பக்கத்தில் ஆற்றில் துணி துவைக்கிறவள், உலக்கை போடுகிறவள், தலையில் மீன்கூடையோடு ஒருத்தி, மாங்காய் பொறுக்குகிற இன்னொருத்தி. எல்லாருக்கும் தலையில் துணி, கன்னத்தில் சிவப்பு, உதட்டில் சிரிப்பு. அழகாக இருக்கிறதே என்றேன்.

"அழகுதான். எங்க நாட்டுல எந்த வீட்டுக்குப் போனாலும் இவங்க இருப்பாங்க. காலண்டர்ல இருப்பாங்க, பிஸ்கட் டப்பால இருப்பாங்க. நல்ல நல்ல ஓவியர்கள் வரைஞ்சிருக்காங்க. அந்த வெயிலை அவங்க மாதிரி வரைய என்னால முடியாது." பிறகு முள்கரண்டியால் சுவரைக் காட்டினீர்கள். "ஆனா நர்ஸா சொல்றேன், இப்படிக் குனிஞ்சுக்கிட்டு இப்படிச் சிரிக்க முடியாது. இவங்கள்ல ஒருத்திக்காவது முதுகு வலிக்குதா பாரு."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்த ஓவியர்கள் கோபமாக வரைந்தார்கள் என்றீர்கள்: ஃபேக்டரிப் பெண்கள், பெட்டியோடு ஏர்போர்ட்டில் நிற்கும் பெண்கள், கறுப்புக் கோடு தடித்த முகங்கள். உங்கள் கல்லூரியில் எல்லாரும் அப்படித்தான் வரைந்தார்களாம். "அதுல யாரும் சிரிக்கல. அது நல்லது. ஆனா கையைப் பார்த்தா, ஒருத்திக்குக் கொடி, ஒருத்திக்குத் துடைப்பம், ஒருத்திக்கு அடுத்தவ குழந்தை. சர்ச்சுக்குப் போனா மாதா கையிலயும் குழந்தை. எங்க நாட்டு ஓவியத்துல ஒரு பொம்பளை கையில ஒண்ணுமில்லாம உட்கார்ந்து நான் பார்த்ததில்ல. எங்க அம்மாவும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்ல."

உங்கள் அம்மா இலோய்லோ பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஊரார் துணி துவைத்தவர். மழைக்காலத்தில் துணி காயாதபோது மீன் விற்றவர். உங்கள் கிரீன் கார்டு பேப்பர் வருவதற்குள் அவர் இறந்துபோனார். கிளம்பினால் திரும்ப முடியாது என்பதால் நீங்கள் போகவில்லை. அன்றைக்கு மதியம் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து, என்ன வரையப் போகிறீர்கள் என்று சொன்னீர்கள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம். கையில் ஒன்றுமில்லை. அவ்வளவுதான். "நான் செத்தா இந்த ஒண்ணு மட்டும் முடிஞ்சிருக்கணும். மத்ததெல்லாம் யாராவது வரைஞ்சிட்டாங்க."

சனிக்கிழமைகளில் என் மகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு உங்கள் அபார்ட்மெண்ட்டுக்கு வர ஆரம்பித்தேன். சமையலறை ஜன்னல் பக்கத்தில் படம் வைக்கும் ஸ்டாண்ட். எண்ணெய் வண்ண வாசமும் வறுத்த பூண்டு வாசமும் கலந்து இருக்கும். படத்தில் முகம் முதலிலேயே வந்துவிட்டது. ஆச்சரியமான முகம் அது, ஆத்தே. சிரிப்பும் இல்லை, துக்கமும் இல்லை. வாய் சற்றே தளர்ந்து, எதையும் பார்க்காமல் எங்கோ பார்க்கிற முகம். வாசற்படி வந்தது. பாவாடையின் ஈரக் கரை வந்தது. கைதான் வரவில்லை. எப்படி வரைந்தாலும் எதையோ பிடித்திருக்கிற கையாகவே வருகிறது என்றீர்கள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு பார்த்தேன்: விரல்கள் ஒரு கைப்பிடிக்காகக் காத்திருப்பதுபோல வளைந்திருந்தன. நீங்கள் கத்தியால் சுரண்டி எடுப்பீர்கள். மறுபடி வரைவீர்கள். மறுபடி சுரண்டுவீர்கள். அந்த இடத்தில் மட்டும் கேன்வாஸ் துணி மெலிந்து வெளுத்துப்போனது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் "சும்மான்னா என்ன?" என்று கேட்டீர்கள். அருப்புக்கோட்டை ஆன்ட்டியிடம் என்ன செய்கிறீர்கள் என்று எப்போது கேட்டாலும் சும்மா, சும்மா என்கிறாராம். நான் விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் சும்மா. காசில்லாமல் கிடைப்பதும் சும்மா. விளையாட்டுக்குச் சொன்னதும் சும்மா. பேசாமல் இரு என்பதற்கும் சும்மா இரு.

"எங்கள்ட்டயும் ஒண்ணு இருக்கு, வாலா லாங், ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஆனா அது ஏன் வந்தே, ஏன் அழுறேன்னு கேட்டா சொல்ற சாக்கு. உங்க வார்த்தையில உட்காரலாம் போல இருக்கு" என்று அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தீர்கள். படத்துக்கு அதுதான் பெயர் என்று அப்போதே முடிவாயிற்று.

பிறகு கேட்டீர்கள்: "உங்க அம்மா என்ன வேலை பார்த்தாங்க?"

"வேலைக்கெல்லாம் போகல. வீட்டுல சும்மாதான் இருந்தாங்க."

"சும்மாவா? காலைல எழுந்து?"

"காலைல எழுந்து... தண்ணி பிடிப்பாங்க. எங்க எல்லாருக்கும் சமைப்பாங்க. மாட்டைப் பார்ப்பாங்க. மாவாட்டுவாங்க. மத்தியானம் தீப்பெட்டி ஒட்டுவாங்க."

தூரிகையை வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "உங்க மொழி எங்க மொழியை விடப் பெரிய பொய் சொல்லுது!" என்றீர்கள். நானும் சிரித்தேன். இப்போதும் அம்மாவோடு வீடியோ காலில் பேசும்போது முகம் மட்டும்தான் தெரியும். தோள் ஆடிக்கொண்டே இருக்கும். என்னம்மா பண்ற என்றால், "சும்மாதான்த்தா உக்காந்திருக்கேன்" என்பார். கேமராவுக்குக் கீழே கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

ஐசலினில் நகைக்கடை வாசலில் நீங்கள் அடித்த கிண்டல் ஒன்று இருக்கிறது. ஓக் ட்ரீ ரோட்டில் எனக்குக் குங்குமம் வாங்கப் போனோம். கடைக் கண்ணாடியில் பெரிய அம்மன் படம். வெகுநேரம் பார்த்தீர்கள். "நாங்களாவது பொம்பளைங்களுக்கு ரெண்டு கை வச்சு ரெண்டுலயும் வேலை கொடுத்தோம். நீங்க இன்னும் ரெண்டு கை சேர்த்து வச்சு அதுக்கும் வேலை கொடுத்துட்டீங்களே."

"இல்ல ஆத்தே, இந்தக் கையைப் பாருங்க. இதுல ஒண்ணுமே இல்ல. பயப்படாதேன்னு காட்டுறது."

"அதுவும் வேலைதான்," என்றீர்கள். "நான் நர்ஸ். எனக்குத் தெரியும். நாள் பூரா செய்யறதே அதுதான்."

கடைசியில் என்னை உட்காரச் சொன்னீர்கள். முகம் வேண்டாம், உன் கையை மட்டும் கொடு என்றீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்தேன். சுலபம் என்றுதான் நினைத்தேன்.

"கையை சும்மா வை."

"சும்மாதான் வச்சிருக்கேன்."

"நீ வைக்கல. கட்டிப் போட்டிருக்க."

கை தளர்ந்தால் நூல் பிரிந்த குர்தா ஓரத்தை விரல் தேடிப் போகும். அதை விட்டால் மோதிரம். மோதிரத்தைக் கழற்றச் சொன்னீர்கள். விரல் அந்த வெறும் இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. ஃபோன் அடித்தது, மகளைக் கூட்டிப்போகும் நேரம். "பாரு," என்றீர்கள், "ஃபோனை எடுத்ததும்தான் உன் தோள் இறங்குது." திட்டுவதுபோலத்தான் சொன்னீர்கள். ஆனால் முகத்தில் திட்டு இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் சொந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். உங்கள் கையையே பார்த்து வரையக் கூடாதா என்று கேட்டேன். "வரையும்போது அதுல பிரஷ் இருக்குமே" என்றீர்கள். அன்று அதற்கு நாம் இருவரும் சிரித்தோம். இப்போது அதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நர்சிங் ஹோமில் செய்துவந்த இரண்டாவது வேலையை வசந்தகாலத்தில் விட்டுவிடுவதாகச் சொன்னீர்கள். பிறகு கோடையில். பிறகு ஹூஸ்டனில் இருக்கும் அக்கா மகளின் நர்சிங் படிப்பு முடிந்ததும். அவள் படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தது. அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறும் நமக்குத்தான், கை வந்துவிடும் என்றீர்கள். அந்த மாதம் பிறப்பதற்குள் ஒரு ஞாயிறன்று, நர்சிங் ஹோம் வராந்தாவில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் விழுந்தீர்கள். ஸ்ட்ரோக். வண்டியின் கைப்பிடியிலிருந்து விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். இதை என்னிடம் சொன்ன பெண்ணுக்கு, நீங்கள் என்ன படம் வரைந்துகொண்டிருந்தீர்கள் என்று தெரியாது. சாதாரணமாகச் சொன்னாள்.

ஐ.சி.யூ.வில் உங்களைப் பார்க்க விட்டார்கள். கண் மூடியிருந்தது. வலது கையில் ஒரு துணிச்சுருளை வைத்து விரல்களை அதன்மேல் மடித்துவிட்டிருந்தார்கள். எதற்கென்று கேட்டேன். விரல் மடங்கி இறுகிவிடாமல் இருக்க என்றாள் அந்த நர்ஸ். அவளும் உங்கள் ஊர்ப் பெண்தான். உங்களை ஆத்தே என்றுதான் அழைத்தாள். "ஆத்தே, கையைக் கொஞ்சம் தூக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கினாள். நீங்கள் எத்தனையோ பேர் கையில் இப்படித் துணிச்சுருள் வைத்திருப்பீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரண்டி வெளுத்த அந்த இடத்தில் கரியால் இரண்டு கைகளின் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தீர்கள், உள்ளங்கை சற்றே மேல்நோக்கி. அபார்ட்மெண்ட்டைக் காலிசெய்ய ஹூஸ்டனிலிருந்து வந்த உங்கள் அக்கா மகள் அதைப் பார்த்திருக்கிறாள். நல்ல பெண், ஆத்தே. உங்கள் மேல் உயிராக இருந்தவள். அத்தனை பொருளையும் அடுத்தவருக்குக் கொடுத்தவள் இதை மட்டும் அப்படி விட மனமில்லாமல், ஜெர்சி சிட்டியில் சர்ச்சுகளுக்குச் சுவரோவியம் வரைகிற ஒருவரிடம் கொடுத்தாள். அவர் காசு வாங்கவில்லை. ஒரு சகோதரி பாதியில் விட்டுப்போன படத்தை முடித்துக் கொடுப்பது புண்ணியம் என்று சொன்னாராம். நன்றாகவே முடித்திருக்கிறார். சுளகின் பின்னல் ஒவ்வொன்றும் தெரிகிறது. அரிசி மின்னுகிறது. அதோடு நிற்காமல், உங்கள் அம்மாவின் உதட்டு ஓரத்தையும் துளி மேலே தூக்கிவிட்டார்.

அவள் அதை சென்டருக்குக் கொடுத்தாள். கீழே பித்தளைத் தகடு: உங்கள் பெயர், அதன் கீழ் "உழைக்கும் தாய்" என்று ஆங்கிலத்தில். மேனேஜர் கேக் வெட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அருப்புக்கோட்டை ஆன்ட்டி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. அவர் அதற்கு முந்தின குளிர்காலத்திலேயே போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியே அழைத்தேன். "உங்க சித்தி கையைக் காலியாத்தான் விட நினைச்சாங்க."

"காலியாவா? டைம் இல்லாம விட்டுட்டாங்கன்னுல்ல நினைச்சோம்."

"இல்லம்மா. அதுதான் படமே. பேரு கூட வேற."

அவள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னதை யோசித்தாள், அவசரப்படவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கோடுகளைப் பார்த்தா பாட்டி பிச்சை கேட்கிற மாதிரி இருந்துச்சு. எங்க பாட்டி யார்கிட்டயும் கை நீட்டினது இல்ல. அப்படி எப்படி ஆன்ட்டி மாட்ட முடியும்?"

நான் என்ன சொல்லியிருந்தாலும் இனி சுளகை எடுக்க முடியாது; எடுத்தால் அடியில் நீங்கள் சுரண்டிய துணிதான் இருக்கும், அதுவும் கிழியும். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, ஏர்போர்ட்டுக்கு நேரமாகிவிட்டது, நாளைக்கு ட்யூட்டி என்று கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "அம்மா, இட்ஸ் ஸ்டில் எ நைஸ் பெயின்டிங். ஷீ வுட் பி ஹேப்பி பீப்பிள் ஸீ இட்" என்றாள். அவளும் அன்பாகத்தான் சொன்னாள். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆத்தே. இருந்தால் யார் மீதாவது கோபப்பட்டு ஆறலாம். உங்கள் மேல் அன்பு வைத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து, உங்கள் அம்மாவை மறுபடி வேலைக்கு உட்கார்த்திவிட்டார்கள். இனி அவர் எழுந்திருக்கப்போவதில்லை. இந்த சென்டர் மூடும்வரை அந்த அரிசியைப் புடைத்துக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் முகத்தில் எத்தனை நிம்மதி என்பார்கள்.

உங்கள் வேலைக்கு ஒரு புதிய நர்ஸ் வந்துவிட்டாள். அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு இடத்துக்குப் போகிறாள். லஞ்சுக்கு நான் என் காரில்தான் உட்காருகிறேன். சாப்பிட்டு முடித்த பிறகு கைகளை மடியில் வைத்துப் பார்ப்பேன். சற்று நேரத்தில் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்திருப்பேன். எதற்காக இதைச் செய்து பார்க்கிறேன் என்றும் தெரியவில்லை. கை சும்மா இருக்கப் பழகினாலும் அதைப் பார்த்து வரைய யார் இருக்கிறார்கள்.

உங்களைப் புதைத்த நாளில் நடந்த ஒன்றை உங்கள் அக்கா மகளிடம்கூட நான் பேசவில்லை, அவள் கூடவே இருந்தாள் என்றாலும். ஃப்யூனரல் ஹோமில் உங்கள் கைகளை மார்புக்குக் கீழே சேர்த்துவைத்து ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். அங்கேயும் ஏதோ ஒன்று கையில். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூடியைச் சாத்துவதற்கு முன்பு அவள் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். மாலையை அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாவு ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாக வீட்டுக்குள் கோத்துக்கொண்டு வரும் என்பது உங்கள் வழக்கமாம். அறுத்தாள். அது விரல்களுக்கிடையே சிக்கியிருந்தது. வீட்டில் வைக்க அதை எடுத்துக்கொள்ளப் பார்த்தாள், மாலை வரவில்லை. "ஆன்ட்டி, கொஞ்சம் பிடிங்களேன்" என்றாள்.

நான் உங்கள் கையைத் தூக்கினேன். கனமாக இருந்தது. அவள் மாலையை உருவி எடுத்துக்கொண்டு ஒதுங்கி அழுதாள். நான் கையை மறுபடி வைத்தேன். நான் வைத்த இடத்தில் அது நிற்கவில்லை. மெதுவாகச் சரிந்து, மற்றக் கையின் பக்கத்தில் வந்து கிடந்தது. விரல்கள் எதற்காகவும் வளைந்திருக்கவில்லை. மூடுகிறவர்கள் மரியாதையாகக் காத்து நின்றார்கள். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், ஆத்தே. இப்போதும் கண்ணை மூடினால் ஒவ்வொரு விரலும் தெரிகிறது. எனக்கு வரையத் தெரியாது.